செல்போனில் பெய்யும் மழை

கேள்வி: எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவோம். நான் பி.எஸ்சி. விவசாயம் படித்தவள். போன வருடம் ஆனிக் கடைசியில் ஐந்து நாள் முன்னறிவிப்பில் மழை இருப்பதைப் பார்த்துவிட்டு, “உழுது வையுங்கள், பெய்ததும் விதைத்துவிடலாம்” என்று அப்பாவிடம் சொன்னேன். சொன்னபடி பெய்தது. விதைத்தோம். அதற்கப்புறம் 18 நாள் ஒரு சொட்டு இல்லை. முளைத்தது பாதி, அதிலும் பாதி கருகிப்போனது. அன்றிலிருந்து முன்னறிவிப்பு என்றாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். “செல்போன்ல பெய்யிற மழை நெலத்துல பெய்யாதும்மா” என்கிறார். இந்த வருடம் பக்கத்து நிலத்துப் பெரியப்பா என்றைக்கு விதைக்கிறாரோ அன்றைக்குத்தான் விதைப்பாராம். நிச்சயமில்லாத விஷயங்களில் மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை முறையாக ஆராய்ச்சி செய்ய எனக்கு ஆசை. எங்கே தொடங்குவது? அப்பாவின் மனதை மாற்ற வழி உண்டா? நான் சொன்னதால்தானே அந்த விதை போனது என்ற எண்ணம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. உங்கள் பதிலை அப்பாவிடம் காட்டலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றேன். “சொன்னபடி பெய்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. ஐந்து நாளுக்குள் மழை என்றது, மழை வந்தது. அதற்குப் பிறகு வந்த 18 நாள் வறட்சியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் கெட்ட பெயர் அதற்குத்தான். நீங்கள் ஆராய விரும்பும் துறையின் மையச் சிக்கல் இதுதான். ஒரு விளைவு வந்த பிறகு, அதற்கு எது காரணம், எந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டும் என்று மனம் தேடுகிறது. கண்ணுக்கு முதலில் படுவதன் மேல் பழியைப் போடுகிறது. விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: மகள் செல்போனைக் காட்டினாள். ஆகவே செல்போன் மாட்டிக்கொண்டது.

உங்கள் அப்பா கற்றுக்கொள்ள மறுக்கிறார் என்ற தொனி கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் கற்றுக்கொண்டார், மிக வேகமாக. பார்க்க வேண்டியது அந்த வேகத்தையும், பாடம் எதன் மேல் போய் ஒட்டியது என்பதையும்தான்.

கற்றலைப் பற்றிய எளிய கணக்கு ஒன்று 1972இல் வந்தது. ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியது. நாம் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை எடுத்து, பழைய நம்பிக்கையைத் திருத்துகிறோம் என்கிறது அது. அப்பாவுக்கு முன்னறிவிப்பின் மேல் நூற்றுக்கு 60 நம்பிக்கை இருந்தது என்று வையுங்கள். அது முழுக்கத் தோற்றதாக அவர் எடுத்துக்கொண்டால் நடந்தது 0. வித்தியாசம் 60. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறவருக்கு நம்பிக்கை 54க்கு இறங்கும், பாதியை எடுத்துக்கொள்கிறவருக்கு 30க்கு. அந்தப் பங்குக்குத்தான் கற்றல் வேகம் என்று பெயர். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்தபோது இந்தக் கணக்கின் சாயலையே பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துள்ளின. எதிர்பார்த்த சாறு வராவிட்டால், சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில் அடங்கின. ஏமாற்றம் என்று நாம் சொல்வதற்கு உடம்பில் ஓர் இடம் இருக்கிறது.

சரி, எந்த வேகம் நல்ல வேகம்? பதில் உலகத்தைப் பொறுத்தது. உலகம் மாறாமல் நிலையாக இருந்து, விளைவுகள் மட்டும் அப்படியும் இப்படியும் ஆடினால், மெதுவாகக் கற்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு தடவை தப்பியதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடக் கூடாது. உலகமே மாறிக்கொண்டிருந்தால் வேகமாகக் கற்க வேண்டும், பழைய அனுபவத்தைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டில் டிம் பெரன்ஸும் அவருடன் இருந்தவர்களும் செய்த சோதனையில், விளையாட்டின் விதி அடிக்கடி மாறும் கட்டத்தில் மக்கள் வேகமாகவும், நிலையாக இருக்கும் கட்டத்தில் மெதுவாகவும் கற்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வேகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இதை அப்பாவின் நிலத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 18 நாள் என்ன? எப்போதாவது வந்துபோகும் சாதாரண ஆட்டமா, அல்லது மழையின் போக்கே மாறிவிட்டதற்கான அடையாளமா? ஒரே ஒரு வருடத்தை வைத்து அதைப் பிரிக்க யாராலும் முடியாது. என்னாலும் முடியாது, வானிலை அறிஞராலும் முடியாது. இதில் கொடுமையான இன்னொரு கணக்கும் உண்டு. 22 வயதில் ஏர் பிடித்து 60 வயது வரை விவசாயம் செய்தாலும், ஒருவர் தன் வாழ்நாளில் நாற்பது ஆடிப்பட்டத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மனிதர்கள் முடிவெடுப்பதை ஆராயும் என் துறையில் ஒரு சோதனைக்கு வருகிற கல்லூரி மாணவர் அரை மணி நேரத்தில் நூறு முடிவு எடுத்துவிடுகிறார். 1994இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பெஷாரா, டமாசியோ குழுவினர் நடத்திய பிரபலமான சீட்டு விளையாட்டில் பல கட்டுகளிலிருந்து நூறு சீட்டு எடுக்க வேண்டும். நல்ல கட்டு எது, கெட்ட கட்டு எது என்பது சாதாரணமாக ஒருவருக்குப் பிடிபடுவதற்கே அதில் சில பத்துச் சீட்டுகள் போய்விடும். அப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு சீட்டு. அதிலும் போன வருடம் எடுத்த சீட்டு வீட்டு நகையை அடகுக் கடைக்கு அனுப்பக் கூடியது. சோதனைக்கூடத்து முடிவுகளை எடுத்துக்கொண்டு விவசாயியிடம் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்க மாட்டீர்கள் என்பதால்தான் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். 2001இல் டென்ரெல், மார்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதையே கணக்காக எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரும் சூடான அடுப்பு விளைவு என்பதுதான். ஒரு வழியில் போய் அடிபட்டவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பாததால், அந்த வழி உண்மையில் எப்படி என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை. தற்செயலாக நன்றாக அமைந்த வழியில் திரும்பத் திரும்பப் போகிறார், அதைப் பற்றிய நினைப்பு சீக்கிரம் சரியாகிவிடுகிறது. கெட்ட நினைப்பு மட்டும் திருத்தப்படாமல் அப்படியே உறைந்து கிடக்கிறது.

முன்னறிவிப்பு விஷயத்தில் இந்த உறைதலுக்குக் கூடுதல் விலை உண்டு, ஏனென்றால் அடுப்பே மாறிக்கொண்டிருக்கிறது. 2009இல் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியில் 96 சதவீதம் இருக்கும் என்று ஏப்ரலில் சொன்னார்கள். பெய்தது 78 சதவீதம். 1972க்குப் பிறகு அவ்வளவு மோசமான பற்றாக்குறை வந்ததில்லை. அன்று வானிலைத் துறையின் மேல் நம்பிக்கை இழந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2012இல் பருவமழைக்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கி, கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்கு மாறினார்கள். 2009இல் பார்ப்பதை நிறுத்தியவரின் மனதில் இருப்பது 2009இன் முன்னறிவிப்பு.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. புது விதை ரகம் ஒன்றில் அடிபட்டவர் அதை மறுபடி சோதிக்க வேண்டுமானால் மறுபடி பணம் போட்டாக வேண்டும். முன்னறிவிப்பைச் சோதிக்க ஒரு ரூபாய் வேண்டாம். அதை நம்பி எதுவும் செய்யாமல், சும்மா எழுதி வைத்து ஒப்பிட்டாலே போதும். உங்கள் முதல் ஆராய்ச்சி அதுவாக இருக்கட்டும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் முன்னறிவிப்பின் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை.

சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் ஓரிரு இடங்களில், ஒரு சில இடங்களில், அநேக இடங்களில், பெரும்பாலான இடங்களில் என்று வரும். கேட்க ஏதோ பேச்சு வழக்கு போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 சதவீதம் வரை ஒரு சில இடங்கள், 51 முதல் 75 வரை அநேக இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். ஆக, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று சொன்ன நாளில் உங்கள் நிலம் காய்ந்து கிடந்தால் அறிவிப்பு தவறியதாக ஆகாது. மாவட்டத்தில் நான்கில் மூன்று பங்கு காய்ந்து கிடந்தாலும் அது சரியான அறிவிப்புதான். மழை நாள் என்பதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர். உங்கள் செம்மண்ணில் அந்த மழையில் ஏர் கட்ட முடியுமா என்று அப்பாவைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் மழையும் அப்பா சொல்லும் மழையும் வேறு வேறு மழை. ‘செல்போன் மழை நிலத்தில் பெய்யாது’ என்று அவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 2005இல் கிகெரென்ஸர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் ஆகிய ஐந்து நகரங்களில் மக்களை நிறுத்திக் கேட்டார்கள்: நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன அர்த்தம்? இதே மாதிரி பத்து நாட்கள் அமைந்தால் மூன்று நாள் பெய்யும் என்ற சரியான அர்த்தத்தைப் பெரும்பான்மையினர் சொன்னது நியூயார்க்கில் மட்டும்தான். மற்ற நகரங்களில் பலர் நாளின் 30 சதவீத நேரம் பெய்யும், ஊரின் 30 சதவீதப் பரப்பில் பெய்யும் என்றெல்லாம் புரிந்துவைத்திருந்தார்கள். எதன் 30 சதவீதம் என்று சொல்லாமல் விட்டதால் வந்த வினை. படிக்காதவர்களுக்குச் சதவீதம் புரியாது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

இனி நோட்டுப் புத்தகம். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஐந்து நாளுக்கான வேளாண் வானிலை அறிக்கை வருவது உங்களுக்குத் தெரியும். அதில் உங்கள் பகுதிக்கு ஒவ்வொரு நாளுக்கும் சொன்னதை எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் சொந்த ஊகத்தை எழுதுங்கள். ஊகத்தைப் ‘பெய்யும்’, ‘பெய்யாது’ என்று எழுதாதீர்கள். பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு, பெய்யும் என்ற பக்கம் எத்தனை, பெய்யாது என்ற பக்கம் எத்தனை என்று பிரித்து வையுங்கள். விளையாட்டு இல்லை, முறையான வழி. சதவீதம் பேசாத ஊர்களில் மக்களின் எதிர்பார்ப்பை அளக்க ஆய்வாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் அடெலின் டெலவாண்டும் ஹான்ஸ்பீட்டர் கோலரும் பத்து விதைகளைக் கொடுத்து, நடக்கும் என்று தோன்றும் அளவுக்குத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். கிராமத்து மக்கள் தெளிவாகவே பதில் சொன்னார்கள்.

பெய்ததா இல்லையா என்பதற்கு முற்றத்தில் ஒரு மழைமானி வேண்டும். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும், வெயிலில் ஆவியாகும் முன் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் மழை என்று கணக்கு வைப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெய்த பிறகு அளவைத் தீர்மானிக்க ஆரம்பித்தால் நமக்குப் பிடித்த பக்கம் வளைத்துவிடுவோம். தெரிந்தே செய்ய மாட்டோம், ஆனாலும் வளைத்துவிடுவோம்.

மதிப்பெண் போடும் முறை 1950இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் தந்தது. ஏழு கொட்டை என்றால் 0.7. பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய்யுங்கள். ஏழு கொட்டை வைத்துப் பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. எல்லா நாட்களுக்கும் கூட்டிச் சராசரி எடுங்கள். குறைந்த எண்தான் நல்ல எண். தினமும் ஐந்து ஐந்தாகப் பிரித்து வைக்கிறவருக்கு எப்போதும் 0.25 வரும். அதைவிடக் குறைந்தால் கெட்டிக்காரர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பருவத்தில் நூற்றுக்கு இருபது நாள்தான் பெய்தது என்றால், வானத்தையே பார்க்காமல் தினமும் இரண்டு கொட்டை வைக்கிற ஆளுக்கு 0.16 வரும். முன்னறிவிப்போ, நீங்களோ, அப்பாவோ தாண்ட வேண்டிய கோடு அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாட்கள். அப்பாவின் நாற்பது ஆடிப்பட்டங்கள் தராத எண்ணிக்கை ஒரே பருவத்தில் உங்கள் கையில் இருக்கும்.

முதல் ஒரு மாதம் உங்கள் ஊகத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள், அப்பாவை இழுக்காதீர்கள். மகள் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தன் அறிவை அளக்கிறாள் என்று ஓர் அப்பாவுக்குத் தோன்றினால், அந்த வீட்டில் ஆராய்ச்சியும் நடக்காது, பேச்சும் நடக்காது. உங்கள் மதிப்பெண் மோசமாக வரும், பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அப்புறம் அவராகவே கொட்டைக்குக் கை நீட்டலாம், நீட்டாமலும் போகலாம். நீட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். களத்தில் யாரை ஆராய்ந்தாலும் அவர்களின் சம்மதம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். சொந்த அப்பாவுக்கும் அந்த மரியாதை உண்டு.

இப்போது விதைப்பு முடிவுக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்தது முதல் மழை வருமா என்பதை. மல்லாட்டைக்கு வேண்டியது, முளைத்த பிறகும் ஈரம் நிற்குமா என்பது. ஐந்து நாள் அறிக்கைக்கு அந்தத் தூரம் பார்வை கிடையாது. இந்திய வானிலைத் துறை வியாழக்கிழமைகளில் நான்கு வாரத்துக்கான நீட்டித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறது, அதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதிலும் இரண்டாம் வாரத்துக்கு மேல் போகப் போகத் துல்லியம் குறைந்துகொண்டே போகும்.

அடுத்தது, எவ்வளவு நிச்சயம் இருந்தால் விதைக்கலாம் என்பது. கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்களில் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விதைத்து, தொடர் மழை வராமல் போனால் விதை, உழவு, கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 15,000 ரூபாய் நட்டம். மல்லாட்டை விதை ஏக்கருக்கு 50 கிலோ உரித்த பருப்புக்குக் குறையாது என்பதால் இதில் கணிசமான பகுதி விதைக்கே போகும். விதைக்காமல் காத்திருந்து, மழை நன்றாகத் தொடர்ந்துவிட்டால் பட்டம் தள்ளிப்போனதால் விளைச்சலில் 5,000 ரூபாய் குறைகிறது. விதைத்துக் கெட்டால் வரும் நட்டம், காத்திருந்தால் வரும் குறைவைப் போல மூன்று மடங்கு. ஆகவே மழை தொடரும் வாய்ப்பும் தொடராத வாய்ப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது, தொடர் மழை வரும் வாய்ப்பு 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இன்றைக்கு விதைப்பது லாபம். 60 சதவீதம் என்றால், பெய்யவே அதிக வாய்ப்பு இருந்தும் காத்திருப்பதுதான் சரி. ஒருவர் முன்னறிவிப்பை முழுக்க நம்பிக்கொண்டே அதன்படி நடக்காமல் இருக்கலாம் என்பது இதில் தெரிகிறது. விவசாயிகள் ஆலோசனையைக் கேட்பதில்லை என்று நாங்கள் எழுதுகிற அறிக்கைகளில் எத்தனை பேர் இப்படிச் சரியாகக் காத்திருந்தவர்களோ என்று எனக்கு உறுத்துவதுண்டு.

பெரியப்பாவைப் பார்த்து விதைப்பது மூடத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடத்துக்கு ஒரு சீட்டு எடுக்கிறவர் பக்கத்தில் இருப்பவர் சீட்டையும் எட்டிப் பார்ப்பதுதான் நியாயம். கானா நாட்டில் அன்னாசி போடும் விவசாயிகளைப் பற்றி கான்லியும் உட்ரியும் 2010இல் எழுதினார்கள். தெரிந்தவர் ஒருவர் உரத்தின் அளவை மாற்றி எதிர்பாராத லாபம் பார்த்தால், மற்றவர்களும் அந்த அளவை நோக்கி நகர்ந்தார்கள். ஆனால் எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியப்பா நிலத்தில் கிணறு இருக்கிறதா? இருந்தால், பதினெட்டு நாள் மழை இல்லாவிட்டாலும் உயிர்த் தண்ணீர் விட்டு அவர் பயிரைக் காப்பாற்றிவிடுவார். அவருக்கு 40 சதவீத வாய்ப்பே போதுமானதாக இருக்கலாம். கிணறில்லாத உங்கள் அப்பா அவர் விதைக்கும் நாளைப் பின்பற்றினால், அவருடைய துணிச்சலைக் கடன் வாங்குகிறார், அவருடைய தண்ணீர் இல்லாமல். அப்புறம், பெரியப்பா யாரைப் பார்த்து விதைக்கிறார் என்றும் விசாரியுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று வரிசை நீண்டால், ஊரே ஒரே நாளில் விதைத்திருக்கும், வானத்தைப் பார்த்தவர் முதல் ஆள் மட்டுமாக இருப்பார்.

கிணறு விஷயத்தை நான் சும்மா கேட்கவில்லை. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்துவந்த கிராமங்களில் காசு சுண்டி விளையாடும் பந்தயங்களை நிஜப் பணத்தில் வைத்தார். 1980இல் அதை வெளியிட்டார். அரை ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக ஏறியது பந்தயம். மேல் மட்டத்தில் கிடைக்கக்கூடிய பரிசு ஒரு கூலியாளின் மாதச் சம்பாத்தியத்தைத் தாண்டியது. பெரிய பந்தயங்களில் ஏறக்குறைய எல்லோருமே மிதமாகப் பயந்தார்கள். சொத்து உள்ளவர், இல்லாதவர் இடையே பயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழை விவசாயி கோழை என்பதால் புதியதை ஏற்பதில்லை என்ற பேச்சுக்கு அதோடு பதில் வந்தது. வித்தியாசம் மனதில் இல்லை, கடன் வசதியிலும் நீரிலும் இருக்கிறது. என் துறையில் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் முதலில் படி என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து, அறிவுக் கூர்மைச் சோதனைகள் கொடுத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 2013இல் வெளியிட்டார்கள். பணம் கைக்கு வருவதற்கு முன்னால், அதே விவசாயி சோதனையில் பின்தங்கினார். பணக் கவலை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும், ஆனால் கவனமாகப் பிடிக்கும். அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட வித்தியாசம் காணப்படவில்லை. ஒரு வருட அறுவடைப் பணமும் மாதச் சம்பளமும் ஒன்றா, இரண்டாவது முறை எழுதுகிறவருக்குப் பழக்கம் எவ்வளவு உதவும் என்றெல்லாம் கேள்விகள் திறந்தே இருக்கின்றன. கரும்பு வெட்டும் ஊரில் வளர்ந்த ஒருவர் அந்தக் கேள்விகளை எங்களைவிட நன்றாகக் கேட்பார்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலா பொருளாதாரமா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், புள்ளியியலை விடாமல் பிடியுங்கள். ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகளில் ஏதாவது ஒன்றில் மேலே சொன்ன மதிப்பெண்ணை நீங்களே கணக்கிடும் அளவுக்கு இந்தப் பருவத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். வேளாண்மையை விடாமல் போக விரும்பினால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விரிவாக்கத் துறையும் காலநிலை ஆராய்ச்சி மையமும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. மனதின் பக்கம் போக விரும்பினால் அலகாபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகங்களிலும், காந்திநகர், கான்பூர் ஐ.ஐ.டி.களிலும் அறிதிறன் அறிவியல் இருக்கிறது. நுழைவுத் தேர்வு நேர்காணலுக்கு அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் எண்ணம். ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஒரு மருத்துவர் எடுத்த முடிவைச் சொல்லி, அது எவ்வளவு நல்ல முடிவு என்று கேட்டார்கள். வாய்ப்புகள், காரணங்கள் எல்லாம் ஒன்றே. நோயாளி பிழைத்தார் என்று படித்தபோது அந்த முடிவுக்குக் கூடுதல் மதிப்புப் போட்டார்கள், இறந்தார் என்று படித்தபோது குறைத்துப் போட்டார்கள். விளைவு தெரிந்த கண்ணால் முடிவைப் பார்க்கிறோம். நீங்களும் இப்போது 18 நாள் தெரிந்த கண்ணால் ஆனிக் கடைசியைப் பார்க்கிறீர்கள். அன்று உங்களிடம் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு பிழை உண்டு: முதல் மழையைப் பார்த்தீர்கள், அதற்கடுத்ததைப் பார்க்கவில்லை. அது திருத்திக்கொள்ளக்கூடிய பிழை, இந்த வருடமே திருத்தலாம். வறட்சி உங்கள் பிழை இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்காதீர்கள்.

அப்பாவிடம் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள். முழுவதையும் படிக்க அவருக்குப் பொறுமை இல்லாவிட்டால், 75 சதவீதக் கணக்கு இருக்கும் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். 15,000, 5,000 என்று நான் போட்ட எண்கள் தப்பு என்று நிச்சயம் சொல்வார். சரியான எண்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.